22 அங்குலக் காடி

எங்கள் வீட்டு வாசல் அஞ்சடியில் அப்பா கையால் அடித்த ஒரு பலகை கிடக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்தால் யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவிடுவார். சாப்பாட்டு மேசை நாற்காலி என்றால் மேசையைப் பிடித்து எழ வேண்டும். சோபா என்றால் நான் வர வேண்டும்.

ஒருநாள் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அளவு நாடாவை எடுத்து மூன்றின் உயரத்தையும் அளந்தேன். பலகை 22 அங்குலம், நாற்காலி 18, சோபா 15. மறுநாளிலிருந்து அந்த நாடா என் கைப்பையிலேயே இருந்தது. புதுக் காடி, அதாவது கார், வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கிய இரண்டரை மாதமும் அதுதான் எனக்குத் துணை.

மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறோம். தோட்ட ஆபிசில் எனக்குக் கிராணி (குமாஸ்தா) வேலை. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், பாதி வாரம் ரோட்டில்தான். மூத்தவள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள், சின்னவனுக்கு ஐந்து வயது. அம்மா 31 வருடம் வெளிக்காட்டு வேலை செய்தவர். முதலில் பால்மரம் (ரப்பர்) சீவினார், அப்புறம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கினார். இப்போது இரண்டு முட்டியும் போய்விட்டது, இடது முட்டி ரொம்ப மோசம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஈப்போவுக்கு டாக்டரைப் பார்க்க அழைத்துப் போகிறேன். போக நூறு கிலோமீட்டர், வர நூறு. பழைய காடிக்குப் பதினாறு வயது. போன தடவை லங்காப் தாண்டியதும் புகை விட்டு நின்றுபோனது. அம்மாவை ஒரு சீனர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இழுவை லோரிக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அன்றைக்கு முடிவு செய்ததுதான்.

முடிவு செய்ததும் வீட்டில் மூன்று கட்சி உண்டானது. என் வீட்டுக்காரர் எஸ்யூவி கட்சி, ஜீப் மாதிரி உயரமாக நிற்கிற காடி. லோரி ஓட்டுகிறவருக்கு உயரத்தில் உட்கார்ந்தால்தான் ரோடு ரோடாகத் தெரியும். கிள்ளானில் இருக்கும் தம்பி செடான் கட்சி, பின் பெட்டி தனியாக நீட்டிக்கொண்டிருக்கிற காடி: "அக்கா, ஹோண்டா சிட்டி எடு, நாளைக்கு விற்றாலும் விலை போகும்." நாளைக்கு விற்பதற்காக இன்றைக்கு வாங்குகிற ஆள் அவன். மூன்றாவது வேகன் கட்சி, கூரை பின்கதவு வரைக்கும் நீளுகிற தாழ்வான காடி. அதில் நான் ஒருத்திதான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துப் பெரிய துரையிடம் ஒரு வோல்வோ 240 இருந்தது. செங்கல் மாதிரி சதுரமான வேகன். பின்னால் அவர் நாய் நின்றுகொண்டு வரும். ஒருமுறை தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வரவில்லை. துரை நாயை இறக்கிவிட்டு, பின் சீட்டை மடக்கி, மெத்தை போட்டு, தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்தப் பின்கதவு மேல்நோக்கித் திறந்து கூரை மாதிரி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. மழை பெய்தது, யாரும் நனையவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் வேகனை 'எஸ்டேட் கார்' என்று சொல்வார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் சொன்ன எஸ்டேட் அவர்கள் ஊர்ப் பணக்காரர்களின் பண்ணை மாளிகை, நம் பால்மரத் தோட்டம் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து விருந்தாளிகளையும் பெட்டிகளையும் ஏற்றி வந்த வண்டி என்பதால் அமெரிக்காக்காரன் 'ஸ்டேஷன் வேகன்' என்றான். எனக்கு அது எஸ்டேட் காடிதான், எங்கள் எஸ்டேட்டில் ஓடியதால்.

சரி, கதைக்கு வருகிறேன். முதலில் செடான்.

செடானில் நான் குறை சொல்ல நினைத்துப் போனது இடத்தை. ஆனால் தோற்றது நான்தான். பெரோடுவா பெஸாவின் பின் பெட்டி 508 லிட்டர். (போனெட் என்று நாம் சொல்வது இந்தப் பின் பெட்டியை. உண்மையில் போனெட் முன்னால் இருப்பது. கடைக்காரரும் போனெட் என்றுதான் சொன்னார், நமக்கென்ன.) சிட்டி 519. எஸ்யூவி பக்கம் போனால் புரோட்டோன் எக்ஸ்50-இல் 330, பெரோடுவா அத்திவாவில் 369. எக்ஸ்70 அளவுக்குப் போனால்தான் 512. அதாவது, பார்க்கப் பெரியதாக நிற்கும் சின்ன எஸ்யூவியை விட, பார்க்கச் சின்னதாக நிற்கும் பெஸாவில் அரிசி மூட்டை அதிகம் போகும். இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

ஆனால் லிட்டர் வேறு, வாய் வேறு. குடம் பெரிதாக இருந்தாலும் கை நுழைகிற வாயளவுதானே உள்ளே போகும்? அம்மாவின் சக்கர நாற்காலியை மடக்கி கடைக்கே கொண்டுபோயிருந்தேன். விற்பனையாளர் கொஞ்சம் மிரண்டார். செடானில் அதைப் படுக்க வைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சாய்த்து, திருப்பித்தான் உள்ளே தள்ள முடிந்தது. உள்ளே போனபின் இடம் தாராளம். ஆனால் இரும்பு நாற்காலியைத் தூக்கிப்பிடித்தபடி திருப்புகிறபோது என் இடுப்பு ஒரு சத்தம் போட்டது. வேகனிலும் எஸ்யூவியிலும் பின்கதவு மேலே போய்விடுவதால் நேரே உள்ளே வைக்கலாம். ஆனால் எஸ்யூவியில் வைக்க வேண்டிய தளம் உயரம். என் இடுப்புக்கு மேலே தூக்க வேண்டியிருந்தது. அளந்து பார்த்தேன், 29 அங்குலம். தூக்குகிறவள் நான், தூக்கும்போது வீட்டுக்காரர் ரோட்டில் எங்கேயோ இருப்பார். இதெல்லாம் விலைப்பட்டியல் காகிதத்தில் இருக்காது.

இப்போது அம்மா ஏறுகிற விஷயம். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம், அம்மா முன்னால் இடப்பக்கம் உட்காருவார். கதவைத் திறந்ததும் வெளிப்பக்கம் பார்த்தபடி திரும்பி நின்று, முதலில் பின்பக்கத்தைச் சீட்டில் வைப்பார். அப்புறம் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து உடம்பைத் திருப்புவார். வலது கால் உள்ளே வந்துவிடும். இடது கால், கெட்ட கால், கடைசியாக வர வேண்டும். அதைத் தானாகத் தூக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, ஒரு பொருளைத் தூக்குவது மாதிரி தூக்கி, கதவின் அடிப்படியைத் தாண்டி உள்ளே வைப்பார். அந்தப் படி அகலமாக இருந்தால் கால் அதில் இடிக்கும். உயரமாக இருந்தால் இன்னொரு தடவை தூக்க வேண்டும்.

செடானில் உட்காருவது அம்மாவுக்கு விழுவது மாதிரி. நான் அளந்த செடான்களின் சீட்டு விளிம்பு 19-லிருந்து 20 அங்குலம்வரை இருந்தது. உட்கார்ந்துவிடலாம், எழுவதுதான் பாடு. எக்ஸ்70 அளவு எஸ்யூவியில் 27. அதில் ஏறுவதற்கு முன் அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "பாப்பா, இதுல ஏற ஏணி தருவாங்களா?" என்று கேட்டார். குதிகால் தூக்கி, கைப்பிடியைப் பிடித்து, ஒரு வழியாக ஏறினார். இறங்கும்போது கால் தரையைத் தேடியது. அடிப்படியில் இருந்த சேறெல்லாம் கைலியில். அப்போதே அந்தக் காடி முடிந்துபோனது, ஆனால் வீட்டுக்காரரிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

எஸ்யூவிக்காக ஒரு நியாயமும் பேசிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ரோடு உங்களில் பலருக்குத் தெரியாது. இது கடலோரக் களிமண் பூமி. தார் போட்டுக் கொஞ்ச நாளிலேயே ரோடு அலை அலையாக இறங்கிவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகப் போக இன்னும் இறங்கும். (ஜெண்டராட்டா தோட்டத்துப் பக்கம் குலைகள் சின்ன ரயிலில் போகும், எங்கள் பக்கம் எல்லாம் லோரிதான்.) ஆனால் வாய்க்கால் பாலம் மட்டும் இறங்காது. அது ஆழத்தில் அடித்த தூண்களின் மேல் நிற்கிறது. இரண்டு பக்கமும் மண் உட்கார, பாலம் நடுவில் முதுகைக் காட்டி நிற்கும். ஐந்து பேரும் சாமானுமாகச் செடானில் போனால் ஒவ்வொரு பாலத்திலும் அடி உரசும். பழைய காடியில் நான் கண்ணை மூடிக்கொண்டு உரச விட்டுத்தான் பழக்கம். பெரோடுவா அருஸ் எஸ்யூவி தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். அதில் போனபோது எந்தப் பாலமும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை.

இங்கே ஒரு விஷயம், ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உயரமாக இருந்தால் சேற்றில் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மூரில் விற்கிற இந்தக் குடும்ப எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு சக்கரம்தான் இழுக்கும். எக்ஸ்50-க்கும் அத்திவாவுக்கும் முன் சக்கரம், அருஸுக்குப் பின் சக்கரம். உருவம் யானை, இழுப்பது இரண்டு கால். போன வருடம் மழைக் காலத்தில் கோவிலுக்குப் போகிற மண் ரோட்டில் ஒரு எஸ்யூவி புதைந்து, அதைக் கயிறு கட்டி இழுத்தது என் வீட்டுக்காரரின் நண்பரின் பழைய ஹைலக்ஸ். அது நான்கு சக்கர இழுவை. ஒதுங்கி நின்று பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன்.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. அலை ரோட்டில் உயரமான காடி தொட்டில் மாதிரி ஆடுகிறது. தெலுக் இந்தானிலிருந்து திரும்பி வருகையில், பின்னால் உட்கார்ந்திருந்த சின்னவன் முகம் மாறியது, கையில் பை கொடுப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது. சோதனை ஓட்டக் காடி. விற்பனையாளர் நல்ல மனிதர், "பரவாயில்லை" என்றார், ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னை அழைக்கவில்லை.

சோதனை ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள், புதுத் தார் போட்ட ரோடு, இரண்டு சிக்னல், திரும்பி வந்தால் முடிந்தது. நம் ரோட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள். ஒரு கடையில் முடியாது என்றார்கள். அதே கடையில்தான் விற்பனையாளர் முழு நேரமும் "அபாங், அபாங்" (அண்ணே, அண்ணே) என்று என் வீட்டுக்காரரிடமே பேசிக்கொண்டிருந்தார். காசு நான் கொடுக்கிறேன், லோன் என் பெயரில். வீட்டுக்காரர் அதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்து, "அக்காவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்றார். நாடாவை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வேகனுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். தேடினேன். புதிதாக வேண்டும் என்றால் ஐரோப்பியப் பெயர்கள்தான், அந்த விலை என் மாதிரி கிராணிக்கு இல்லை. ஈப்போவில் பழைய காடி விற்கிற இடத்தில் ஒரு சுபாரு லெவோர்க் நின்றது. அதற்கு நான்கு சக்கரமும் இழுக்கும், பின் தளம் தாழ்வு, சக்கர நாற்காலியை ஒரே தூக்கில் வைத்தேன். ஓட்டினால் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போனது, ஆட்டமே இல்லை. எனக்கு மனசே வரவில்லை இறங்க. ஆனால் அம்மாவுக்கு அது செடானை விடத் தாழ்வு. உட்கார்ந்தவர் வெளியே வர நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. தெலுக் இந்தானில் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போன் போட்டுக் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "சாமான் வர நாள் ஆகும்மா" என்றார். அவர் பேசாமல் இருந்த அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பதில். என் கட்சி அத்தோடு கலைந்தது.

கணக்கு பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. எஸ்யூவி என்றாலே ரோடு டாக்ஸ் அதிகம் என்று பயமுறுத்துவார்கள். பாதி உண்மை. எஞ்சின் அளவு 1,400 சிசிக்கு மேல் 1,600 வரை எந்த உருவமாக இருந்தாலும் வருடத்துக்கு 90 வெள்ளிதான் (ரிங்கிட்). 1,600-ஐத் தாண்டினால்தான் பிரிக்கிறார்கள். செடானும் வேகனும் ஒரு பக்கம், எஸ்யூவியும், எம்பிவி என்கிற பல பேர் ஏறும் குடும்பக் காடியும் இன்னொரு பக்கம். 1,799 சிசி செடானுக்கு 279 வெள்ளி 60 சென், அதே சிசி எஸ்யூவிக்கு 359 வெள்ளி 70 சென். வித்தியாசம் 80 வெள்ளி, தீபாவளி முறுக்கு மாவுக்கு ஆகிற செலவு. டயர்தான் உண்மையான வலி. பெஸாவுக்கு 14 அங்குலம், பெரிய எஸ்யூவிகளுக்கு 18, 19. டயர் கடை தவுக்கேயிடம் (முதலாளியிடம்) இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள், நான் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

லோன் பற்றி. ஒன்பது வருடம் போடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், மாதத் தவணை குறையும். 60,000 வெள்ளி, முழுக் கடனுக்கும் வருடத்துக்கு 3 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்துக்கு மாதம் 705 வெள்ளி 56 சென், வட்டி மொத்தம் 16,200. ஏழு வருடம் என்றால் மாதம் 864 வெள்ளி 29 சென், வட்டி 12,600. நான் ஏழுதான் போட்டேன். ஒன்பது வருடம் கழித்து அம்மாவுக்கு 81 வயது, அந்தக் காடிக்கு அப்போதும் நான் கடன் கட்டிக்கொண்டிருக்க விரும்பவில்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளத்துக்குத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, நாமே கேட்டுப் போட வேண்டும். முன் கண்ணாடியும் அப்படித்தான். குலை லோரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்கள் கண்ணாடிக் காப்பை மறக்க மாட்டார்கள்.

ஸ்பேர் டயரைக் குனிந்து பாருங்கள், இதை மறக்காதீர்கள். சில புதுக் காடிகளில் டயரே கிடையாது, பசை அடிக்கிற ஒரு டப்பாவும் காற்றடிக்கிற சின்ன மோட்டாரும்தான். பட்டணத்தில் அது போதும். ராத்திரி பத்து மணிக்குச் செம்பனைக்குள் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பசை என்ன செய்யும்?

கடைசியில் நாங்கள் எடுத்தது எந்தக் கட்சிக்காரரும் சொல்லாத பெரோடுவா அல்சா. 2022-இல் வந்த புது உருவம், 1.5 எஞ்சின், முன் சக்கர இழுவை, மூன்று வரிசை. ஊரில் இதை எம்பிவி என்கிறார்கள். எனக்குக் கேட்டால் வேகன்தான் இது, கொஞ்சம் உயரமாக வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றாவது வரிசையை மடக்கிவிட்டால் பின்னால் துரையின் நாய் நின்ற இடம் அப்படியே இருக்கிறது. தம்பி குடும்பம் தைப்பூசத்துக்கு வந்தால் அந்த வரிசையைத் தூக்கிவிடலாம், அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே சண்டை போட்டுக்கொள்ளட்டும். குறையும் சொல்கிறேன். மேடு ஏறும்போது ஏழு பேரோடு எஞ்சின் முனகுகிறது. எங்களுக்கு மேடு ஈப்போ போகும் வழியில்தான். எஸ்யூவி அளவுக்கு அடி உயரம் இல்லை, அந்தப் பாலங்களில் இன்னும் நிதானித்துத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் அகராதியில் அது சம்மதம்.

அம்மாவை உட்கார வைத்துச் சீட்டு விளிம்பை அளந்தேன். இருபத்தி இரண்டரை. இடது கால் ஒரே தூக்கில் உள்ளே வந்தது. அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கலாமா?" என்று கேட்டேன். "இரேன், என்ன அவசரம்," என்றார். கடைக்குள் ஏர்கோன் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வியாழக்கிழமை காடி வருகிறது. கோவிலில் பூசைக்குச் சொல்லியாகிவிட்டது. டயருக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பேர் டயருக்கும் ஒன்று வேண்டுமா என்று அம்மா கேட்கிறார். ஐயரிடம்தான் கேட்க வேண்டும்.